அம்மாவுக்கு முட்டி வலியா? 36 மாசக் கணக்கை இன்னைக்கே போடுங்க



நீங்க பெங்களூருலயோ ஓசூர்லயோ வேலை பார்க்கறீங்க. அம்மா நல்லம்பள்ளியில இருக்காங்க. ஞாயித்துக்கிழமை போன்ல, "சந்தைக்குப் போயிட்டு வந்தா முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது கண்ணு"ன்னு சொல்றாங்க. "தைலம் தேயும்மா"ன்னு சொல்லிட்டு வெச்சிடறீங்க. பணக் கணக்கு அந்த போன்லயே ஆரம்பிச்சிடுச்சு.

இம்ப்ளான்ட் விலை மட்டும் செலவு இல்ல

2017 ஆகஸ்ட்ல மத்திய அரசோட விலை நிர்ணய ஆணையம் முட்டி இம்ப்ளான்ட்டுக்கு உச்சவரம்பு வெச்சது. அதுவரை சராசரியா 1,58,324 ரூபாய்க்கு வித்த கோபால்ட் குரோமியம் வகை, 54,720 ரூபாய்க்கு வந்தது (ஜிஎஸ்டி தனி). ஆனா டாக்டர் ஃபீஸ், ரூம் வாடகை, பிசியோதெரபிக்கு இந்த வரம்பு கிடையாது.

எத்தனை வருஷம் உழைக்கும்?

2019-ல் லான்செட் இதழ்ல வந்த ஆய்வுப்படி, முழு முட்டி மாற்று சிகிச்சைகள்ல சுமார் 82 சதவீதம் 25 வருஷம் தாங்குது. இடுப்புல அது 58 சதவீதம். 65 வயசுல செஞ்சா, பெரும்பாலும் ஆயுசுக்கும் போதும். 50-ல செஞ்சா இன்னொரு ஆபரேஷன் வரலாம். அந்த மறு ஆபரேஷனுக்கான முட்டி இம்ப்ளான்ட்டுக்கு 2017-ல வெச்ச வரம்பே 1,13,950 ரூபாய்.

கிருமித்தொற்று, கால்ல ரத்தக்கட்டு, முட்டி மடங்காம இறுகிப்போறது, இடுப்பு மூட்டு நழுவுறது: இதெல்லாம் எல்லாருக்கும் வராது. வந்தா பில் நீளும். முட்டி மாத்தினவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு முழுத் திருப்தி இல்லைன்னும் ஆய்வுகள் சொல்லுது.

இம்ப்ளான்ட் ஸ்டிக்கரை பத்திரமா வைங்க. 2010-ல ஜான்சன் அண்ட் ஜான்சனோட டெபியூ நிறுவனம் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டை உலகம் முழுக்க திரும்பப் பெற்றது. அந்த மாதிரி நேரத்துல, உள்ள இருக்கறது எந்த மூட்டுன்னு அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும்.

இன்சூரன்ஸ்லதான் சிக்கல்

தேய்மானத்தால செய்யற மூட்டு மாற்றுக்கு நிறைய பாலிசியில 24 முதல் 36 மாசம் காத்திருக்கணும். விபத்துன்னா இந்தக் காத்திருப்பு கிடையாது. வலி தாங்காம ஆபரேஷன் தேதி குறிச்ச பிறகு பாலிசி எடுத்தா, இந்த ஆபரேஷனுக்கு பிரயோஜனமில்ல. வலியை மறைச்சு எடுத்தாலும் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

ஆபீஸ் குரூப் பாலிசியில பெற்றோரைச் சேர்த்தா பெரும்பாலும் காத்திருப்பு இருக்காது. ஆனா வேலையை விட்டா கவரும் போயிடும். அதனால தனி பாலிசியும் ஓடட்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. பாலிசியில "மூட்டு மாற்று" காத்திருப்பு எத்தனை மாசம், ரூம் வாடகை வரம்பு எவ்வளவுன்னு பாருங்க.

2. மாசம் 2,500 ரூபாய் ஆர்டி போடுங்க. 7 சதவீத வட்டியில 36 மாசத்துல கிட்டத்தட்ட 1 லட்சம். பிசியோதெரபிக்கும் பாலிசி தராத செலவுக்கும் ஆகும்.

3. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்குங்க. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில விவரம் கேளுங்க.

ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு டாக்டர் சொல்வார். அந்த நாள் வர்றப்போ பணத்துக்காக அம்மா இன்னும் ரெண்டு வருஷம் நொண்டக் கூடாது. அதுதான் உங்க வேலை.

உங்க பாலிசியில எத்தனை மாசம்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!