பாடகர்கள் போட்ட நிபந்தனை

பாடுகிறவர்களுக்கு ஊர் வழக்கு எதற்கு, பாடிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. 1964ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லலாம்.

இங்கிலாந்தின் லிவர்பூல் இளைஞர்கள் நால்வரின் பீட்டில்ஸ் குழு அப்போது புகழின் உச்சியில் இருந்தது. பிப்ரவரி 9ஆம் தேதி எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்கள் பாடியதை ஏறத்தாழ 73 மில்லியன் பேர் பார்த்தார்கள்.

செப்டம்பரில் புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் அவர்கள் பாடுவதாக ஏற்பாடு. அங்கே கறுப்பினத்தவரைத் தனியாக உட்காரவைப்பார்கள் என்று தெரியவந்தது. பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் ஜூலை 2ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது. ஆனால், சட்டம் வந்த மறுநாளே பழக்கம் மாறிவிடுமா?

கறுப்பின மக்கள் விரும்பிய இடத்தில் உட்காரலாம் என்றால்தான் பாடுவோம் என்று குழு அறிவித்தது. வருமானம் போனாலும் பரவாயில்லை என்றார் ஜான் லென்னன். சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் போன்ற கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களைப் பாடி வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த இனத்தாரையே ஓரங்கட்டும் அரங்கில் எப்படிப் பாடுவது?

ஏற்பாட்டாளர்கள் இறங்கிவந்தார்கள். செப்டம்பர் 11ஆம் தேதி கேட்டர் பவுல் அரங்கில் எல்லாரும் கலந்து உட்கார்ந்து கேட்டார்கள். 1965ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ அருகே பாடுவதற்கான ஒப்பந்தத்திலும் இதே நிபந்தனை எழுத்தில் இடம்பெற்றது.

உரிமையைக் கொடுத்தது சட்டம்தான். அதை இருக்கை வரை கொண்டுவர, 'முடியாது' என்று சொல்லும் துணிவும் தேவைப்பட்டது.