கார் விளம்பரத்து மைலேஜ் எங்கிருந்து வருகிறது?

ஷோரூமில் சொல்லும் மைலேஜ் சாலையில் ஓட்டிப் பார்த்து எடுத்ததல்ல. ஓர் அறைக்குள், உருளைகளின் மேல், கார் நின்ற இடத்திலேயே ஓடும்போது எடுத்தது. எதிரே பெரிய விசிறி காற்றடிக்கும். ஓட்டுநருக்கு முன்னால் திரையில் ஒரு கோடு நகரும்: இந்த நொடியில் 32 கி.மீ. வேகம், அடுத்து 35, பிறகு பிரேக், பிறகு சும்மா நிற்க வேண்டும். கோட்டை விட்டு மணிக்கு 2 கி.மீ.க்கு மேல் விலகாமல் அவர் ஓட்டப் பார்ப்பார். சைலன்சர் புகையின் மாதிரி பைகளில் சேரும். செலவான பெட்ரோலை டேங்கில் அளப்பதில்லை. புகையில் வந்த கார்பனை வைத்து, எவ்வளவு எரிந்திருக்கும் என்று கணக்கிடுவார்கள்.

அந்தக் கோடுதான் டிரைவிங் சைக்கிள். எல்லாக் காரும் ஒரே கோட்டில் ஓடுவதால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. கோடு நம் சாலையைப் போல் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

ஓர் ஊருக்கென்று சைக்கிள் உருவாக்க, வண்டிகளில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி நொடிக்கு நொடி வேகத்தைப் பதிவு செய்கிறார்கள். காலை நெரிசல், மத்தியானம், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதில் வர வேண்டும். குவிந்த பதிவை, ஒரு சிக்னலில் கிளம்பி அடுத்ததில் நிற்பதுவரை ஒரு துண்டு என்று வெட்டுவார்கள். ஊர்ந்து போனவை, விரைந்து போனவை என வகை பிரித்து, அவற்றிலிருந்து எடுத்து ஒட்டினால் சில நிமிட ஓட்டம் ஒன்று கிடைக்கும். கணினி இப்படி ஏராளமாக ஒட்டித் தரும். முழுப் பதிவோடு எது அதிகம் பொருந்துகிறதோ அதுவே சைக்கிள்.

சராசரி வேகம் மட்டும் பொருந்தினால் போதாது. 25-இல் சீராகப் போவதும், 50 வரை மிதித்து நின்று நின்று போய் அதே 25 சராசரிக்கு வருவதும் ஒன்றல்ல. மிதிக்கும் நொடிகளில்தான் பெட்ரோலும் புகையும் எகிறும். அதனால் முடுக்கம், நின்ற நேரத்தின் பங்கு எல்லாவற்றையும் ஒத்துப் பார்ப்பார்கள்.

இதில் முன்னோடி, புகைமூட்டத்தில் திணறிய லாஸ் ஏஞ்சலஸ். அந்நகரத்துக் காலைநேரப் பயணத்தைப் பதிவு செய்து அமெரிக்கர்கள் செய்த சைக்கிள் 1,372 நொடி, சுமார் 12 கி.மீ. ஆனால் அன்றைய உருளை இயந்திரம் வேகமான முடுக்கத்தைத் தாங்காது. எனவே ஒரே நொடியில் மணிக்கு 3.3 மைலுக்கு மேல் வேகம் ஏறிய இடங்களையெல்லாம் மட்டப்படுத்திவிட்டார்கள். சாலையில் அழுத்தி மிதித்தவர்களின் புகை, அதோடு சோதனைக்கு வெளியே போனது. அதை உள்ளே கொண்டுவரும் விதி 1990-களில்தான் வந்தது.

நம் இருசக்கர வண்டிகளுக்கான பழைய இந்திய சைக்கிள் 108 நொடி; அதை 6 முறை ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகம் 42 கி.மீ. சென்னை ஜிஎஸ்டி சாலையில் 42-ஐத் தாண்டாத பைக்கைப் பார்த்தால் சொல்லுங்கள்! 2020-இல் பிஎஸ்6 புகை விதிகள் வந்தபோது பைக்குகள் உலகப் பொது சைக்கிளுக்கு மாறின. கார்களுக்கு, ஐரோப்பாவின் பழைய சைக்கிளை எடுத்து, உச்ச வேகத்தை 120-லிருந்து 90 ஆக்கிக்கொண்டோம். ஸ்கேல் வைத்து வரைந்தது போன்ற கோடு அது: சீராக ஏறும், சீராகப் போகும், சீராக இறங்கும். போதாக்குறைக்கு, ஏசி போடாமல் ஓட்டிய கணக்கு. ஐரோப்பா அந்தப் பழைய சைக்கிளை 2017 முதல் கைவிடத் தொடங்கியது. பிஎஸ்6 வந்த பிறகும் நாம் விடவில்லை. எந்தக் கார் குறைவாகக் குடிக்கும் என்று ஒப்பிட அதில் கிடைக்கும் மைலேஜ் எண் உதவும். மாதப் பெட்ரோல் செலவைக் கணக்குப் போட அதை நம்பக் கூடாது.

சென்னை நகரப் பேருந்துகளுக்கென்று தனி சைக்கிள் ஒன்றை உருவாக்கிய ஆய்வு 2011-இல் வெளியானது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்பும் பேருந்துக்குக் காரின் கோடு ஒத்துவராது என்பதால் இது அவசியமான வேலை.

2023 ஏப்ரல் முதல், புகை அளக்கும் கருவியைக் காரிலேயே பொருத்தி நிஜச் சாலையில் ஓட்டும் சோதனையும் இந்தியாவில் கட்டாயமாகியிருக்கிறது. அது பார்ப்பது புகையை மட்டும். மைலேஜ் அதன் வேலையல்ல.