மணல் பிரசாதம்

1017ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுஜரைப் பற்றி வைணவ மரபில் வழங்கிவரும் கதைகளுள் என் உள்ளத்தை எப்போதும் நெகிழச் செய்வது ஒன்று உண்டு. ஸ்ரீரங்கத்து வீதியில் சிறுவர்கள் சிலர் மணலில் கோயிலும் பெருமாளும் வரைந்து, பூஜை நடத்தி, மணலையே பிரசாதமாக அள்ளி நீட்ட, சீடர்களோடு அவ்வழியே வந்த அந்த மகான், விளையாட்டென்று தள்ளிவிடாமல், தெருவிலேயே தண்டனிட்டுப் பெற்றுக்கொண்டாராம். குழந்தையின் கற்பனாசக்தியை வளர்ப்பது எங்ஙனம் என்று கேட்கும் பெற்றோருக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் அறியேன்.

குச்சியைக் குதிரையாக்கி ஓடும் குழந்தை உண்மையை அறியாமல் மயங்குகிறதென்று எண்ணுவது பிழை. ரஷ்ய உளவியல் அறிஞர் வைகாட்ஸ்கி 1933ஆம் ஆண்டில் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில் விளக்கியபடி, அதுவரை கண்ணெதிரே காணும் பொருளோடு ஒட்டிக் கிடந்த எண்ணம், அந்தக் குச்சியின் துணைகொண்டே பொருளை விட்டுப் பிரிந்து தனித்தியங்கக் கற்கிறது. எழுத்தையும் எண்ணையும் பின்னாளில் கையாளும் சாமர்த்தியத்துக்கு அதுவே அஸ்திவாரம். ஆகவே, விளையாட்டைக் காலவிரயமென்று கருதி மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணிப்பவர்கள், தாம் விரும்பும் கல்விக்கே ஊறு செய்கிறார்கள்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், உழவர் வீட்டுப் புதல்வர், ஏறி ஊர இயலாத சிறுதேரை உருட்டி விளையாடிக் களைத்து உறங்குகிறார்கள். அதே தொண்டை நாட்டில், இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் மெய்யான கார்கள் உருவாகி வருகின்றன. அவற்றை உருவாக்கும் தாய்தந்தையர் ஷிப்ட் முறையில் உழைத்துச் சோர்ந்து வருகையில், குழந்தையை அமைதிப்படுத்தச் செல்போனை நீட்டுவது மனித இயல்பே. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் செல்போன் உருவத்தையும் ஓசையையும் முடிவையும் தானே தந்துவிடுவதால், குழந்தை சிருஷ்டிப்பதற்கென்று அங்கே ஏதும் மிஞ்சுவதில்லை.

ஊரார் பால்வாடி என்றழைக்கும் அங்கன்வாடியை, சத்துமாவு தரும் இடமென்று மட்டும் எண்ணுவோர் பலர். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இயங்கும் அம்மையங்களில், ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டமும் நம் மாநிலத்தில் உண்டு. அங்கு பாடிய பாட்டையும் கேட்ட கதையையும் மாலையில் குழந்தையிடம் விசாரித்தாலே போதும், பாதிக் கதையை அது புதிதாகவே புனைந்து சொல்லும்; திருத்தாமல் கேட்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் அமர்ந்து பஸ் ஓட்டும் குழந்தையிடம், ஷிப்ட் முடிந்து வந்த தந்தை, “வாலாஜாபாத்துக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள்” என்று கை நீட்டினால், அது சில்லறை தேடும், அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும், வழியில் மழை வந்தால் என்ன செய்வதென்றும் யோசிக்கும். இதற்குப் பத்து நிமிஷம் போதும். விலை கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை.