ஜூலையில் ஸ்வெட்டர் விற்கும் ஊர்

கணவனும் மனைவியுமாகக் கார் எடுத்துக்கொண்டு, கலிஃபோர்னியாவின் நாபா திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, அப்படியே பசிபிக் கரையோரமாகத் தெற்கே இறங்கலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு முதலில் தோன்றும் மாதம் ஜூலை. கோடைதானே, கடற்கரையில் வெயில் பளபளக்கும் என்ற நினைப்பு. பெட்டி நிறைய அரைக்கைச் சட்டைகள். சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கி கோல்டன் கேட் பாலத்துக்குப் போனால், அதன் கோபுர உச்சியே பல நாள் கண்ணுக்குத் தெரியாது. பனிமூட்டம் ஈரமாக முகத்தில் அடிக்கும். சுற்றுலாக் கடைகளில் நடுக்கோடையிலும் ஸ்வெட்டர் அமோகமாக விற்கும்.

காரணத்தைக் கடலிலிருந்து தேடுவோம். வசந்தத்திலும் கோடையிலும் அந்தக் கரையை ஒட்டி வடமேற்குக் காற்று வீசுகிறது. அது கடலின் மேல்நீரைத் தள்ளுகிறது. பூமி சுழல்வதால் அந்த நீர் காற்று போகும் திசையில் நேராகப் போகாமல் வலப்பக்கமாக விலகி, கரையை விட்டு நடுக்கடலுக்கு நகர்கிறது. காலியான இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. அதனால் கோடையிலும் கரையோரக் கடல் 12, 13 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். மெரினாவில் நின்று பழகிய கால் அங்கே ஒரு நிமிஷம் தாங்காது.

நெடுந்தூரம் கடல்மேல் வந்த ஈரக்காற்று இந்தக் குளிர்நீரைத் தொடும்போது என்ன ஆகும்? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பு வெளியே வியர்க்குமே, அதேதான். சொம்பில் துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. கடல்மேல் அவை காற்றிலேயே மிதக்கின்றன. அதுதான் மூட்டம்.

சரி, இதற்கும் திராட்சைக்கும் என்ன? மலைத்தொடருக்கு அப்பால், உள்நாட்டுச் சமவெளி கோடையில் 38 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிறது. சூடான காற்று மேலே எழ, அந்த இடத்துக்குக் கடல்காற்று இழுபடுகிறது. நடுவே மலை மறிப்பதால், இடைவெளி கிடைத்த பக்கமாகத்தான் அது நுழைய முடியும். பெரிய வாசல் கோல்டன் கேட். அதன் வழியே வளைகுடாவுக்குள் புகுந்து, வடக்கே சான் பாப்லோ விரிகுடாவைத் தாண்டி, நாபா பள்ளத்தாக்கின் தெற்கு முனைக்கு வந்து சேர்கிறது.

இங்கேதான் ஏறக்குறைய எல்லோருக்கும் கணக்குத் தப்புகிறது. வடக்கே போகப் போகக் குளிரும் என்று நாம் நினைப்போம். நாபாவில் தலைகீழ். கடல்காற்று முதலில் தொடும் தெற்கு முனையான கார்னெரோஸ்தான் குளிர்ச்சி. அங்கே குளிர் விரும்பும் ஷார்டனே, பினோ நுவார் கொடிகள். சுமார் 48 கிலோமீட்டர் வடக்கே கலிஸ்டோகா போய்ச் சேர்வதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டிருப்பீர்கள். வெயில் கேட்கும் கபர்னே சாவின்யோனுக்கு அதுதான் சொர்க்கம்.

இந்தக் காற்று இரவில் செய்யும் வேலை இன்னும் அழகு. பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறுகிறது. பச்சை ஆப்பிளில் நாம் ருசிக்கும் மாலிக் அமிலம் திராட்சையிலும் உண்டு. இரவு புழுக்கமாக இருந்தால் பழம் சுவாசிக்கும்போது அது செலவாகிவிடும். இரவு குளிர்ந்தால் புளிப்பு மிஞ்சுகிறது. இனிப்பும் புளிப்பும் சேர்ந்து நிற்பதுதான் நல்ல ஒயினுக்கு அடித்தளம். 1976இல் பாரிஸில் பெயர் மறைத்துச் சுவைத்த போட்டியில் வெள்ளை, சிவப்பு இரண்டிலும் நாபா ஒயின்களே முதலிடம் பிடித்தன. சுவைத்து மதிப்பெண் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பது கூடுதல் சுவாரசியம்.

ஆகவே, எந்த மாதம் போகலாம் என்று என்னைக் கேட்டால் செப்டம்பர், அக்டோபர். வடமேற்குக் காற்று தளர்ந்து மூட்டம் மெலிந்திருக்கும், அறுவடையும் நடக்கும். காட்டுத்தீக்கும் அதுவே காலம், எனவே அன்றாடச் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டங்களில் சுவைத்துவிட்டுத் துப்ப வாளி வைத்திருப்பார்கள். கூச்சப்பட வேண்டாம், தொழிலில் இருப்பவர்களும் துப்பத்தான் செய்வார்கள். வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொட்டால் சட்டப்படி குற்றம்.

கடைசியாகக் கரையோரம். கார்மெலிலிருந்து சான் சிமியோன் வரை, 1937இல் திறந்த பிக் சர் பாதையை வடக்கிலிருந்து தெற்காக ஓட்டுங்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் கடல் உங்கள் பக்கமே இருக்கும். எதிர்வரிசையைக் கடக்காமலே ஓரம் கட்டலாம். மண்சரிவால் சாலை அடிக்கடி மூடப்படும், கிளம்புமுன் விசாரியுங்கள். காட்சி முழுக்கப் பக்கத்து சீட்டுக்காரருக்குத்தான் கிடைக்கும் என்பதால், பாதி வழியில் சாவியை மாற்றிக்கொள்வது நியாயம்.