"நம்ம ஆள்தானே" என்று எழுத்தை விடலாமா?

பாவித்த போன், மோட்டார் சைக்கிள் என்பன ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் விளம்பரம் வந்த அன்றே கைமாறுகின்றன. எழுத்து கேட்டால் "நம்ம ஆள்தானே" என்று முகம் சுளிக்கிறோம். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் தெரியும். பெட்டியிலுள்ள எண்ணுடன் அதை ஒப்பிடுங்கள். பில்லும் பெட்டியும் இல்லாத மலிவு போன் திருட்டுப் பொருளானால், பொலிஸார் முதலில் விசாரிப்பது அதை வைத்திருப்பவரைத்தான்.

மோட்டார் சைக்கிளை 'ஓப்பன் பேப்பரில்' கொடுப்பவரும் கவனிக்க வேண்டும். உரிமை மாற்றப்படும் வரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் இருப்பது அவரது பெயர். விபத்தோ குற்றமோ நடந்தால் அவரையே தேடி வருவார்கள். வாங்குபவர் எஞ்சின், செசி இலக்கங்களைப் பதிவுப் புத்தகத்துடன் சரிபார்க்க வேண்டும். லீசிங் நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கேளுங்கள்.

பொருளைப் பார்க்குமுன் முற்பணம் அனுப்பாதீர்கள். விற்பவர்கள் வங்கிச் சிட்டையின் படத்தை நம்பாமல், கணக்கில் பணம் வந்த பின்பே பொருளைக் கொடுங்கள். பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள்.

வியாபாரம் செய்யும்போது சாட்சி வைத்துக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) கூறுகிறது. குறையை மறைத்தால் வியாபாரத்தில் பரக்கத் அழிந்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆகவே அடையாள அட்டை இலக்கம், திகதி, விலை, பொருளின் குறைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, சாட்சியுடன் இருவரும் கையொப்பமிடுங்கள். எழுத்து கேட்பவரைக் கோபிக்க வேண்டாம். அந்தத் தாள் உங்களுக்கும்தான் பாதுகாப்பு.