பெயர் அச்சேறாத சாரதிகள்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

முத்துக்கும் உப்புக்கும் துறைமுகத்துக்கும் பெயர் பெற்றது நம் தூத்துக்குடிச் சீமை. ஆனால் கடற்கரையை விட்டு ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் கொடை விழாக் காலத்தில் சென்று பார்த்தால், ஊர்ச் சுவர்களில் மாட்டுவண்டிப் பந்தயச் சுவரொட்டிகளைக் காணலாம். பெரிய மாடு போக வர இத்தனை மைல், சின்ன மாடு இத்தனை மைல், பூஞ்சிட்டு இத்தனை மைல் என்று அவற்றில் அச்சிட்டிருக்கும். நாடு கிலோமீட்டருக்கு மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பந்தயம் மட்டும் மைலை விடவில்லை! பரிசு தருவோர் பெயரும் விழாக் குழுவினர் பெயரும் தவறாமல் இடம்பெறும். வென்ற மாட்டுக்காரர் பெயர் ஒலிபெருக்கியில் முழங்கும். வண்டியை ஓட்டி வந்த சாரதியின் பெயரோ பெரும்பாலும் ஊரார் வாயோடு நின்றுவிடும்.

என் தாய்மாமன் அப்படி ஒரு சாரதி. பெரும் புகழ் பெற்றவர் அல்லர். 1995 முதல் 2011 வரை ஓட்டியும் பெரிய மாட்டில் ஒரே ஒரு முறைதான் முதலாவதாக வந்தார். மற்ற நாட்களில் உப்பளத்தில் உப்பு வாருவதே அவர் பிழைப்பு.

அவர் செய்தது எத்தகைய வேலை என்பதை இயற்பியல் படிக்க வந்த பிறகே நான் விளங்கிக்கொண்டேன். பந்தய வண்டிக்கு இரண்டே சக்கரங்கள். அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்ட ஒரு நெம்புகோல் என்றே அதைச் சொல்லலாம். சாரதி முன்னால் நகர்ந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தில் அழுந்தும். மிகவும் பின்னால் போனால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையைப் பிடிக்கும். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயுமாதலால் அவர் முன்னால் நகர வேண்டும். இறக்கத்தில் இதற்கு மறுதலை. ஓடுகிற வண்டியில் நான்கு விரற்கடை நகர்வதில்தான் இவ்வளவும் இருக்கிறது. திருப்புத்திறன் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை மாமா, “கழுத்த லேசா வச்சுக்கணும்டே” என்று முடித்துவிடுவார்.

எல்லாவற்றிலும் கடினமானது எல்லையில் வண்டியைத் திருப்புவது. இரு மாடுகளுக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி என்று கொள்வோம். அரைவட்டமாகத் திரும்பும்போது வெளிமாடு உள்மாட்டைவிட மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடியாக வேண்டும். வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் இந்த வேறுபாடு மாறாது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஆகவே திருப்பம் வருமுன்பே உள்மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்து, வெளிமாட்டுக்குக் கயிறு விட வேண்டும். பிந்தினால் உள்மாடு இடறும். அளவுக்கு மீறி இழுத்தால் வண்டி சாலைக்குக் குறுக்கே நிற்கும். பின்னால் வரும் வண்டி மோதும். 2011இல் அப்படி ஒரு மோதலில்தான் மாமாவின் வலது முழங்கால் போயிற்று. அதன்பின் அவர் வண்டி ஏறவில்லை.

வாலை முறுக்குவதும் கம்பால் குத்துவதும் பந்தயங்களில் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. உச்சநீதிமன்றம் 2014 மே 7 அன்று சல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்ததற்கு விலங்குகள் படும் துன்பமே காரணம். 2017இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. “அடிச்சு ஓட்டுறவன் சாரதியே இல்ல, கழுத்து லேசா இருந்தா மாடு தன்னால ஓடும்” என்பது மாமாவின் கட்சி. நான் அதை முழுதும் ஒப்பவில்லை. மாடு விரும்பித்தான் ஓடுகிறதா என்று அதனிடம் யார் கேட்டது?

இங்கிலாந்தில் ஐன்ட்ரீ என்னும் இடத்தில் கிராண்ட் நேஷனல் என்ற தடைதாண்டும் குதிரைப் பந்தயம் 1839 முதல் நடந்து வருகிறது. நான்கு மைலுக்கு மேற்பட்ட ஓட்டம். 1907இல் ஆல்ஃப் நியூவி என்பவர், தொடக்கத்திலேயே அங்கவடி வார் அறுந்துபோன நிலையிலும், எரிமன் என்ற குதிரையைக் கடைசித் தடைவரை தாண்டவைத்து வென்றார். அவரும் உலகறிந்த வீரர் அல்லர். ஆயினும் அந்நாட்டில் பந்தய முடிவுகளை ஆண்டுதோறும் அச்சிடுகிறார்கள்; குதிரையோடு, ஓட்டியவர் பெயரும் ஏறிவிடுகிறது. அதனால்தான் நூறாண்டு கழிந்து இங்கே எனக்கு அவரைத் தெரிகிறது.

நம் கடலிலும் கணக்கு இருந்தது. வெள்ளையர் காலத்து முத்துக்குளிப்பில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்கள் தரப்புக்கு என்ற வரையறை உண்டு. சாரதிக்கோ பங்கும் இல்லை, ஏடும் இல்லை. பரிசுப் பணம் மாட்டுக்காரருக்கு. அவர் மனமுவந்து கொடுப்பதே சாரதிக்கு. மாமா பல முறை வேட்டி துண்டோடு வீடு திரும்பியிருக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிறுதோறும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர் ஓட்டிய பந்தயங்களைக் குறித்து வருகிறேன். இதுவரை 27 ஏறியிருக்கின்றன. எந்த ஊர், எத்தனை வண்டி, எத்தனையாவது இடம், மாட்டின் நிறம், கொம்பின் வளைவு, சுழி எல்லாம் தடையின்றிச் சொல்கிறார். ஆண்டுதான் தடுமாறுகிறது. அப்போது எந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தது என்று எண்ணிப் பார்த்து, அதை அத்தை அடுக்களையிலிருந்தபடியே திருத்திக் கொடுக்கிறார்கள்.