மாமனாரைக் குளிப்பாட்டுவது யார்?

நினைவு தப்பிய மாமனாரை, வேலைக்குப் போகும் மருமகள் ஒருத்தி பராமரிக்கும் கதையை 1972இல் நாவலாக எழுதினார் ஜப்பானிய எழுத்தாளர் சவாகோ அரியோஷி. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்தக் கதை நடந்துகொண்டிருந்த வீடுகள் அத்தனை இருந்தன.

அன்று ஜப்பானில் படுத்த படுக்கையான முதியவருக்குச் சோறூட்டுவது, மலம் அள்ளுவது, குளிப்பாட்டுவது எல்லாம் பெரும்பாலும் மருமகள் தலையில்தான் விழுந்தன. அரசு உதவியுடன் நடந்த இல்லங்களில் இடம் குறைவு. அங்கே பெற்றோரைச் சேர்ப்பது குடும்பத்துக்கு அவமானம். 1973இல் 70 வயது கடந்தவர்களுக்கு மருத்துவம் இலவசமானதும் ஆஸ்பத்திரிகளே முதியோர் இல்லங்களாயின. சிகிச்சை தேவைப்படாதவர்களும் மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார்கள். கிடந்து கிடந்தே நடக்கும் தெம்பையும் இழந்தார்கள்.

இந்த நிலையை மாற்ற 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். தளர்ந்துபோன முதியவர் விண்ணப்பித்தால் உள்ளாட்சி ஊழியர் வீட்டுக்கே வந்து 74 விஷயங்களைப் பார்க்கிறார்: படுக்கையில் புரள முடிகிறதா, நகம் வெட்டிக்கொள்ள முடிகிறதா, தன் பெயரைச் சொல்ல முடிகிறதா. மருத்துவரின் கருத்தையும் சேர்த்துப் பார்த்து, ஒரு குழு உதவியின் அளவைத் தீர்மானிக்கிறது. எந்த நாளில் யார் வருவார் என்று திட்டமிட்டு, எல்லோரையும் ஒருங்கிணைக்கத் தனி அலுவலர் உண்டு. பெரும்பாலோர் செலவில் 10 சதவீதம் கொடுத்தால் போதும்.

குளியல் தொட்டியை வேனில் ஏற்றிவந்து, படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்து, வெந்நீர் நிரப்பிக் குளிப்பாட்டிவிட்டுப் போகும் சேவைகூட இதில் அடக்கம்.

இந்தக் காப்பீட்டுச் சட்டம் உருவானபோது, கவனித்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணமாகவே கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. கேய்கோ ஹிகுச்சி போன்ற பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் எதிர்த்து நின்றார்கள். கையில் பணம் வந்தாலும் வேலை மருமகளை விட்டுப் போகாது என்பது அவர்கள் வாதம். இதேபோன்ற காப்பீட்டில் ஜெர்மனி பணமும் கொடுக்கிறது. ஜப்பான் ஆளை அனுப்பத் தீர்மானித்தது. அந்தச் சட்டத்தின் உயிரே இந்த முடிவுதான் என்பேன்.

அந்த ஆள்தான் இன்று கிடைப்பதில்லை. பராமரிப்புப் பணியாளர் சம்பளம் மற்ற துறைகளின் சராசரியைவிடக் குறைவு. வீட்டு முதியவரைக் கவனிக்க ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் இன்னும் வேலையை விடுகிறார்கள். குளிப்பாட்ட வருபவருக்கு நியாயமான சம்பளம் கொடுக்காவிட்டால், 2000இல் மருமகளுக்குக் கிடைத்த விடுதலை காகிதத்தோடு நின்றுவிடும்.